கிரகணம்: பிடித்ததும் விட்டதும்

கிரகணம் என்ற சொல்லில் இருட்டும் இல்லை, நிழலும் இல்லை. அதன் வடமொழி வேரான ‘க்ரஹ்’ என்பதற்குப் பிடித்தல், பற்றுதல் என்றுதான் பொருள். கல்யாணத்தில் கையைப் பிடிப்பது பாணிக்கிரகணம். பாடத்தை மனத்தில் பிடித்துக்கொள்வது கிரகித்தல். சத்தியாக்கிரகத்திலும் இதே வேர்தான்.

தமிழும் இதே பிடியில்தான் நிற்கிறது. ‘திங்களைப் பாம்புகொண் டற்று’ என்கிறது குறள் (1146). மறைத்தது என்று சொல்லவில்லை, கொண்டது என்கிறது. அந்தக் ‘கொள்’ளிலிருந்து வந்ததுதான் கோள். க்ரஹ் – கிரகம் – கிரகணம் எப்படியோ, கொள் – கோள் அப்படியே. சம்பந்தரின் கோளறு பதிகம் ஏழு கோள்களைப் பெயர் சொல்லி அடுக்கிவிட்டு, ராகு கேதுவை மட்டும் ‘பாம்பிரண்டும்’ என்று முடிக்கிறது. கிரேக்கர்கள் எதிர்ப்பக்கமிருந்து பார்த்தார்கள்: எக்லிப்ஸ் என்பதன் மூலச்சொல்லுக்கு விட்டுப்போதல், வராமலிருத்தல் என்று பொருள்.

நிழல்தான் காரணம் என்பது தெரியாமல் இந்தச் சொல்லை வைத்துக்கொண்டிருக்கவில்லை. கி.பி. 499 அளவிலேயே ஆரியபடர், சூரியனைச் சந்திரனும் சந்திரனைப் பூமியின் நிழலும் மூடுகின்றன என்று எழுதிவிட்டார். பாம்பு போனது, ‘பிடி’ மட்டும் கணக்குச் சொல்லாகத் தங்கிவிட்டது.

முழு கிரகணத்துக்குப் பஞ்சாங்கம் ஐந்து நேரம் கொடுக்கும். 2025 செப்டம்பர் 7 இரவு நடந்த முழு சந்திர கிரகணத்தை வைத்துப் பார்ப்போம். ஸ்பரிசம், அதாவது பூமி நிழலின் அடர்ந்த நடுப்பகுதியான கருநிழல் தொட்டது, 9.57. நிமீலனம் 11.01. கண் மூடுதல் என்று பொருள். சந்திரன் முழுக்க உள்ளே போன நொடி. மத்தியமம், நடுக்கட்டம், 11.42. உன்மீலனம், கண் திறத்தல், 12.23. மோட்சம், விட்டது, 1.27. பகுதி கிரகணமென்றால் நடுவிலுள்ள கண் மூடலும் திறப்பும் இருக்காது. அந்த இரண்டும் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்தாலே முழுதா பகுதியா என்று தெரிந்துவிடும்.

‘ராகு கிரஸ்தம்’, ‘கேது கிரஸ்தம்’ (ராகு பிடித்தது, கேது பிடித்தது) என்று போட்டிருப்பதைப் பலர் பலன் சொல்லும் சமாசாரமாக நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள். அது இடக்குறிப்பு. சந்திரனின் பாதை சூரியனின் பாதைக்குச் சுமார் 5 டிகிரி சாய்ந்திருக்கிறது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளிகளில், சந்திரன் வடக்கே ஏறும் இடம் ராகு, தெற்கே இறங்கும் இடம் கேது. அமாவாசையோ பௌர்ணமியோ இந்தப் புள்ளிகளுக்கு அருகில் விழுந்தால்தான் கிரகணம். அதனால்தான் மாதாமாதம் வருவதில்லை. மேலே சொன்ன 2025 கிரகணம் ராகு கிரஸ்தம்.

‘கிரஸ்தோதயம்’ என்றால் பிடிபட்டபடியே உதிப்பது, ‘கிரஸ்தாஸ்தமனம்’ பிடிபட்டபடியே மறைவது. 2026 மார்ச் 3 சந்திர கிரகணம் சென்னைக்குக் கிரஸ்தோதயம்: ஸ்பரிசம் பிற்பகல் 3.20, மோட்சம் மாலை 6.47, ஆனால் சந்திரன் உதிப்பதோ ஆறு மணிக்கு மேல்தான். 3.20 என்று படித்துவிட்டு மொட்டைமாடிக்குப் போனால் வெயில்தான் மிச்சம். ஸ்பரிச நேரத்தோடு ஊரின் சந்திரோதயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு இடறல், ஒரூர் நேரத்தை இன்னோர் ஊருக்கு எடுத்துக்கொள்வது. சந்திர கிரகணத்தில் அதனால் மோசமில்லை. பிடிப்பதும் விடுவதும் உலகம் முழுக்க ஒரே கணம். சிங்கப்பூருக்கு இரண்டரை மணி நேரம் கூட்டிக்கொண்டால் போதும். சூரிய கிரகணத்தில் இது நடக்காது, சந்திரனின் நிழல் தரையில் ஓடிக்கொண்டிருக்கும். 2019 டிசம்பர் 26 அன்று கோவையில் சூரியன் நடு மறைந்து வளையமாகவே தெரிந்தது, சென்னைக்குப் பகுதி கிரகணம்தான்.

தொலைக்காட்சியில் ‘இன்று கிரகணம்’ என்று ஓடும், பஞ்சாங்கத்தில் ஒரு வரியும் இருக்காது. அது பெரும்பாலும் புறநிழல் கிரகணம், அதாவது கருநிழலைச் சுற்றியுள்ள மங்கல் நிழலில் மட்டும் சந்திரன் கடந்துபோவது. கருநிழல் சந்திரனைத் தொடாததால் ஸ்பரிசமே இல்லை. ஸ்பரிசம் இல்லாததைப் பஞ்சாங்கக்காரர்கள் கிரகணமாகக் கணக்கில் எடுப்பதில்லை.