புலவர் வீட்டுச் சுவரோரம் புல்தரை வேண்டாம்

சீறாப்புராணம் பாட உமறுப்புலவரை ஆதரித்த சீதக்காதியின் கீழக்கரை, தாயுமானவர் சமாதி இருக்கும் ராமநாதபுரம் என்று புலவர்களோடு உறவு கொண்ட கரை இது. இங்கே ஒரு புலவரின் பழைய வீட்டைப் பூங்காவாக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது புல்தரையும் நீரூற்றும்தான். வீட்டைத் தின்பதும் அவைதான்.

இங்குள்ள பழைய கட்டடங்கள் பல பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டியவை. 1964 புயல் விட்டுவைத்த தனுஷ்கோடி தேவாலயச் சுவரில் அந்தக் கல்லை இன்றும் பார்க்கலாம். புல்லுக்குத் தினமும் விடும் தண்ணீர், மண்ணிலுள்ள உப்பையும் கரைத்துக்கொண்டு சுவருக்குள் ஏறும். வெயிலில் ஈரம் ஆவியாகும். உப்பு மட்டும் தங்கிப் படிகமாகி, பூச்சைப் பொரியாக உதிர்க்கும். அதை மறைக்க சிமெண்ட் பூசுவது பெரிய தவறு. வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் மேலே போகும். முழங்கால் அளவில் இருந்த உப்பு இடுப்புக்கு வந்துவிடும். பிளாஸ்டிக் பெயிண்டும் இதே வேலையைத்தான் செய்யும்.

முதல் வேலை, சுவரைச் சுற்றி 2 அடி அகலத்துக்கு மண்ணை வாரிவிட்டு, வெளிப்பக்கம் சரியும்படி சரளைக்கல் பரப்புவது. பிறகு சிமெண்டைக் கொத்தி எடுத்து, சுவரை நன்றாகக் காயவிட்டு, வெளியே பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி வார வேண்டும். கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போய்விடும்.

பூச்சுக்கு நீற்றுச் சுண்ணாம்பு 1 பங்கு, மணல் 3 பங்கு. சுண்ணாம்பு குறைந்தது 15 நாளாவது தண்ணீரில் ஊறியிருக்க வேண்டும். அவசரப்பட்டால் நீறாத கட்டிகள் சுவரில் இருந்துகொண்டே வெடித்துக் குழி விழும். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர் சேர்ப்பது பழைய கொத்தனார்களின் வழக்கம். கடல் மணலும் உவர்க் கிணற்றுத் தண்ணீரும் கூடவே கூடாது, உப்பை நாமே குழைத்துப் பூசியதாகிவிடும். ஒரு பூச்சு 10 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல், ஒரு வாரம் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டுக் காக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடங்காதீர்கள், தையில் தொடங்கலாம்.

இந்தப் பூச்சும் ஒருநாள் உப்பை உறிஞ்சி உதிரும். உதிரட்டும், கல் பிழைக்கும். கீழ் 3 அடியை மட்டும் மறுபடி பூசுவதற்கு அன்றே பணம் ஒதுக்கி வையுங்கள். கல்லே பெயர்ந்திருந்தால், இடித்த பழைய வீடுகளின் கல்லைத் தேடி வாங்குங்கள். கடலில் பவளப்பாறை எடுப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

நிழலுக்குப் பூவரசு, புன்னை, வேம்பு போதும். மூன்றும் உப்புக் காற்றைத் தாங்கும். சுவரிலிருந்து 5 மீட்டராவது தள்ளி நடுங்கள். சுவர் வெடிப்பில் அரசங்கன்று முளைத்தால் மேலே ஒடித்துவிட்டுப் போகாதீர்கள். வேர் உள்ளே பருத்துக் கல்லைப் பிளக்கும். கையளவாக இருக்கும்போதே வேரோடு எடுத்து, ஓட்டையைச் சுண்ணாம்பால் அடைக்க வேண்டும்.

நீரூற்றுக்கு வைத்த பணத்தில் வாசல் கேட்டுக்கு அருகே ஒரு குடிநீர்க் குழாய் போடலாம். சிந்தும் தண்ணீர் வீட்டுப் பக்கம் வராமல் பூவரசுக்குப் போகட்டும்.