எம்எஸ்ஸா இல்லையான்னு கேக்காதீங்க, எனக்கே தெரியாது

எங்க ஊரு கம்பத்துல யாரைப் பாத்தாலும் ஒரே கேள்விதான், "என்னன்னு சொன்னாங்க?" நான் சொல்ற பதில் யாருக்கும் பிடிக்கறதில்ல. எம்எஸ், அதாவது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸா இருக்கலாம் (நம்ம எதிர்ப்பு சக்தியே மூளை, முதுகுத்தண்டு நரம்போட உறையை அரிக்கற நோய்), இல்லாமலும் போகலாம், அடுத்த எம்ஆர்ஐ பாத்துட்டுத்தான் சொல்வாங்க. இதைக் கேட்டதும் முகம் மாறிரும், டாக்டருக்கு விவரம் பத்தலன்னு முடிவு பண்ணிருவாங்க, மதுரைக்குப் போ, வேலூருக்குப் போ, திருவனந்தபுரத்துக்குப் போன்னு ஆளாளுக்கு ஒரு ஊரு. ரெண்டு மாநிலத்துலயும் பாத்தாச்சுங்க. மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல டாக்டர் "நமுக்கு ஆறு மாசம் கழிஞ்சு ஒந்நுகூடி நோக்காம்"னாரு, இந்தப் பக்கம் அதையே தமிழ்ல "ஆறு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பாக்கலாம்"னு சொன்னாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்கு ஆரம்பிச்சது இடது கண்ணுல. குமுளியில ஏலக்காய் வியாபாரம் பண்ற கடையில வேலை பாக்கறேன், புத்தடி ஏலத்துக்குப் போற காயைத் தரம் பாத்து எழுதறது, பில் போடறதுன்னு. ரெண்டு மூணு நாளா கண்ணை உருட்டுனா உள்ள வலி, சரி கம்ப்யூட்டர் பாத்ததுன்னு விட்டுட்டேன். அப்புறம் ஒரு மத்தியானம் முதலாளிகிட்ட "அண்ணே, இந்த லாட்டுல பழைய காயைக் கலந்துட்டாங்களா, வெளிறிக் கெடக்கே"ன்னேன். அவரு அள்ளிப் பாத்துட்டு நல்ல பச்சைம்மாங்கறாரு. வலது கண்ணை மூடுனா காய் வெளிறித் தெரியுது, இடது கண்ணை மூடுனா பச்சைன்னா பச்சை! அப்பதான் வயித்தைக் கலக்குச்சு. ஆஸ்பத்திரியில டாக்டர் ஒரு சிவப்பு மூடியைக் காட்டி ரெண்டு கண்ணுக்கும் ஒரே சிவப்பான்னு கேட்டாரு, இடது கண்ணுல அது சாயம் போன காவி மாதிரி இருந்துச்சு. ஆப்டிக் நியூரைட்டிஸ், அதாவது கண் நரம்பு வீக்கம். இதுல நெறம் மங்கிப்போறது, அதுலயும் சிவப்பு மங்கறது சகஜமாம்.

உடனே அட்மிட் பண்ணி மெத்தில்பிரட்னிசோலோன்ங்கற ஸ்டீராய்டு. தினம் 1 கிராம், ட்ரிப்ஸ்ல ஏத்துவாங்க, வழக்கமா 3லருந்து 5 நாள். வாயெல்லாம் இரும்பு ருசி, ராத்திரி பூராவும் கொட்டக் கொட்ட முழிச்சுக் கெடந்தேன், யாரு என்ன கேட்டாலும் எரிஞ்சு விழுந்தேன், பாவம் எங்க வீட்டுக்காரர். பார்வை மெல்ல திரும்பிருச்சு. அந்த ஸ்டீராய்டு சீக்கிரம் தேற வைக்குமே ஒழிய கடைசியில பார்வை எவ்வளவு வரும்கறதைப் பெருசா மாத்தாதாம், இதைக் குடுக்கும்போதே சொல்லியிருக்கலாம்.

ஸ்கேன்ல மூளையில ஒரு வெள்ளைப் புள்ளி. முதுகுத்தண்டு சுத்தம். முதுகுல ஊசி போட்டு தண்டுவடத் தண்ணி எடுத்துப் பாத்தாங்க, எம்எஸ் இருக்கற பெரும்பாலானவங்களுக்கு அதுல தெரியற ஆலிகோகுளோனல் பட்டைங்கற புரத அடையாளம் எனக்கு இல்ல. எம்எஸ் மாதிரியே தெரியற வேற நோய்களைக் காட்டிக்குடுக்கற ஏக்யூபி4, எம்ஓஜி ரெண்டு ஆன்டிபாடியும் நெகட்டிவ். பி12 பாத்தாங்க, டிபி இருக்கான்னு பாத்தாங்க, எல்லாம் இல்ல இல்லன்னே வருது. வீட்டுல அம்மா "எல்லாமே நெகட்டிவ்னா நல்லதுதான"ங்கறாங்க. நல்லதுதாம்மா, ஆனா அந்தப் புள்ளி எதுக்கு வந்துச்சுன்னு எந்தக் காகிதத்துலயும் இல்லையே.

ஏன் சொல்ல மாட்டேங்கறாங்கன்னு நானா தேடிப் படிச்சேன். இந்த நோயை இன்னதுன்னு சொல்றதுக்கு ஒரே டெஸ்ட்னு எதுவும் கெடையாது. மெக்டொனால்ட் விதின்னு ஒண்ணு வெச்சிருக்காங்க, 2001ல எழுதி, 2005, 2010, 2017னு திருத்திக்கிட்டே வந்திருக்காங்க. முதல்லருந்து இருந்த சாரம் இதுதான்: நரம்பு மண்டலத்துல ஒரு எடத்துல மட்டும் இருந்தா பத்தாது, ஒரு தடவை மட்டும் வந்தாலும் பத்தாது. வேற எடம், வேற நேரம், அத்தோட வேற எந்த நோயும் இல்லன்னு ஆகணும். 2025ல வெளியான திருத்தத்துல கண் நரம்பையும் ஒரு எடமா சேத்துட்டாங்க, ஆக என் கணக்குல எடம் ரெண்டாயிருச்சு, இருந்தாலும் அது மட்டும் பத்தாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதாவது எனக்கு முதல்ல வந்தது என்னன்னு தெரியணும்னா ரெண்டாவது ஒண்ணு வரணும். வரக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டே அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கேன், இந்தக் கொடுமையை யாருகிட்ட சொல்ல!

அவசரப்பட்டு பேரு வெச்சுட்டாலும் ஆபத்துதான். நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகான்னு இன்னொரு நோய், இதே மாதிரி கண்ணுல ஆரம்பிக்கும், 2004ல அதுக்குன்னு தனி ஆன்டிபாடி கண்டுபிடிக்கற வரைக்கும் நெறைய பேருக்கு அதை எம்எஸ்னே எழுதியிருக்காங்க. எம்எஸ்க்குக் குடுக்கற இன்டர்ஃபெரான் ஊசி அந்த நோயை மோசமாக்கிரும். இது தெரிஞ்சதுக்கப்புறம் டாக்டர் மேல இருந்த கோவம் எனக்குப் பாதி போயிருச்சு. மீதிப் பாதி இருக்கு, அது வேற, உக்காரவெச்சு ரெண்டு நிமிஷம் பேசாத கோவம்.

வெயில்தான் எனக்குப் பெரிய தொல்லை. காலையில பஸ் லோயர் கேம்ப் தாண்டி மலையேற ஏற கண்ணு தெளிவா இருக்கும், சாயந்தரம் எறங்கி கூடலூர் வர்றதுக்குள்ள கூட்டத்துல புழுங்கி இடது பக்கம் ஆவி படிஞ்ச கண்ணாடி மாதிரி ஆயிரும். முதல் தடவை பயந்து அழுதுட்டேன். இதுக்கு ஊத்தாஃப்னு ஒரு ஜெர்மன் டாக்டர் பேரு, 1890லயே எழுதி வெச்சிருக்காரு, அடிபட்ட நரம்புல சூடு கொஞ்சம் ஏறுனாலே சிக்னல் தடுமாறும், குளுந்தா சரியாயிரும், புதுசா எதுவும் கெட்டுப்போறது இல்ல. எம்ஆர்ஐ வர்றதுக்கு முன்னாடி ஆளை சுடுதண்ணித் தொட்டியில உக்கார வெச்சே இந்த நோயைப் பாத்திருக்காங்களாம், நம்ம சித்திரை மாசத்து கம்பம் பஸ் ஸ்டாண்டே போதும்னு நெனச்சுக்கிட்டேன். இப்ப ஈரத்துணி ஒண்ணு பையில எப்பவும் இருக்கும்.

அதைவிட மோசம் சந்தேகம். கால் மரத்துப்போனா அதுவா? தலைசுத்துனா அதுவா? கைவெரல் சுருசுருன்னா? காய்ச்சல் இல்லாம புதுசா ஒண்ணு வந்து 24 மணி நேரத்துக்கு மேல நின்னாத்தான் அட்டாக்னு எடுத்துக்குவாங்கன்னு சொல்லியிருக்காங்க, அதனால எங்க வீட்டுல இப்ப எது வந்தாலும் அவரு மணியைப் பாத்து காலண்டர்ல குறிச்சிருவாரு. பெரும்பாலும் தூங்கி எந்திரிச்சா போயிருது. அத்தை அந்தக் குறியைப் பாத்து பால்கணக்குன்னு நெனச்சு பால்காரர்கிட்ட சண்டைக்குப் போயிட்டாங்க.

மருந்து இப்பவே ஆரம்பிக்கணுமாங்கறது தனிச் சண்டை. கண் நரம்பு வீங்கினவங்களை அமெரிக்காவுல 15 வருஷம் விடாம பாத்து 2008ல கணக்கு சொன்னாங்க: மூளையில புள்ளியே இல்லாதவங்கள்ல 25 சதவீதம் பேருக்கு எம்எஸ் வந்திருக்கு, ஒரு புள்ளியாவது இருந்தவங்கள்ல 72 சதவீதம். நான் ரெண்டாவது வரிசை. அண்ணன் 72ஐப் பாத்துட்டு இன்னிக்கே ஆரம்பிங்கறான், நான் மீதி 28ஐப் பாக்கறேன். அது அந்த நாட்டு ஆளுங்க கணக்கு, அப்படியே நமக்குப் பொருந்துமான்னு டாக்டரும் உறுதியா சொல்லல. அடுத்த ஸ்கேன்ல புதுசா ஒரு புள்ளி வந்தாலும் மறுபேச்சு இல்லாம ஆரம்பிச்சுர்றதுன்னு அவருகிட்ட ஒத்துக்கிட்டேன்.

இப்போதைக்கு இன்சூரன்ஸ்தான் பிரச்சனை. புதுசா பாலிசி எடுக்கலாம்னு போனா, ஏஜென்ட் தம்பி டிஸ்சார்ஜ் சம்மரியைப் பாத்துட்டு "அக்கா, எம்எஸ்ங்கற எழுத்து இருக்கே, சந்தேகம்னு போட்டிருந்தாலும் கேப்பாங்க"ங்கறான். சரி, அப்ப நோய் இருக்குன்னே வெச்சுக்கிட்டு பெரிய நோய் உறுதியானா மொத்தமா பணம் குடுக்கற கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசியைப் புரட்டுனா, அதுல எம்எஸ்னு உறுதியாகணும், பாதிப்பு விடாம 6 மாசமாவது இருக்கணும்னு போட்டிருக்கு. 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல 21 வகையில எம்எஸ்ஸும் ஒண்ணு, பேரு வராத எனக்கு அதுவும் கெடையாது. பிரீமியம் வாங்கற எடத்துல நான் நோயாளி, குடுக்கற எடத்துல ஆரோக்கியமான பொம்பளை. மறைச்சு எழுதுனா நாளைக்கு கிளெய்ம் நிக்காது, அதனால சம்மரியை அப்படியே இணைச்சு அனுப்பப் போறேன். "ஏற்கெனவே உள்ள நோய்"ங்கற கட்டத்துல மட்டும் என்ன எழுதறதுன்னு தெரியல, இதே நெலமையில பாரம் நிரப்புனவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க, திங்கக்கிழமைக்குள்ள குடுக்கணும்.