இலை கிழிந்தால் கிழிந்ததுதான், தண்டைப் பாருங்கள்

ஆனி பிறந்ததும் செங்கோட்டையில் சாரல் ஆரம்பம். குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்குக் கொண்டாட்டம், வராண்டாவில் அழகுச்செடி வைத்திருக்கிற எங்களுக்குத் திண்டாட்டம். ஆரியங்காவு கணவாய் வழியாக மலையைத் தாண்டி வருகிற காற்று ஆடி முடிகிற வரைக்கும் விடாது. அம்மியே பறக்கும் என்கிற காற்றில் பிளாஸ்டிக் தொட்டி எம்மாத்திரம்? ரப்பர் செடி தொட்டியோடு சாயும், மான்ஸ்டெரா இலை கிரில் கம்பியில் உரசி உரசியே நார்நாராகும்.

"செலோடேப் ஒட்டினா சேர்ந்துக்குமாப்பா?" என்று எதிர்வீட்டு அத்தை வருஷா வருஷம் கேட்பார். சேராது அத்தை. இலை நம் தோல் மாதிரி ஆறிக் கூடுகிற பொருள் இல்லை. கிழிந்த ஓரம் காய்ந்து பழுப்பாகி அப்படியே நின்றுவிடும். ஆனால் மிச்சமிருக்கிற பச்சை தன் சமையலை நிறுத்துவதில்லை, அதனால் பாதி கிழிந்த இலையைக் கூட நான் வெட்ட மாட்டேன். பார்க்கச் சகிக்கவில்லை என்றால் பழுப்பை மட்டும், அதிலும் மெல்லிய பழுப்புக் கோடு ஒன்றை விட்டு நறுக்குங்கள். பச்சைக்குள் கத்தரி போனால் அந்தப் புது ஓரமும் காயும். கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொண்டு, சாரல் ஓய்ந்த நாளாகப் பார்த்துச் செய்வது நல்லது, ஈரத்தில் வெட்டிய இடம் சீக்கிரம் அழுகும்.

தண்டு ஒடிந்தால்தான் அவசரம். ரப்பர் செடி, செம்பருத்தி மாதிரி மரத்தண்டு உள்ளவற்றில் பட்டைக்கு அடியில் மெல்லிய வளர்படலம் ஒன்று இருக்கிறது, ஒடிந்த தண்டை ஒட்டவைப்பது அதுதான். தண்டு மடங்கியும் பட்டை அறாமல் தொங்கினால் அன்றைக்கே நிமிர்த்தி, இரண்டு பக்கப் பட்டையும் நேருக்கு நேர் பொருந்தும்படி சேர்த்து, இருபுறமும் ஐஸ்குச்சி வைத்துக் கட்டிவிட வேண்டும். கட்டுவதற்குப் பூக்கடை வாழைநாரை விடச் சிறந்தது எதுவும் இல்லை என்பேன். நனைத்துக் கட்டினால் தண்டை அறுக்காமல் படிந்து உட்காரும். சில வாரம் கழித்து, கட்டுக்கு மேலே துளிர் வந்தபின் அவிழ்க்கலாம். ரப்பர் செடியின் பால் கையில் பட்டால் சிலருக்கு அரிக்கும், உடனே கழுவிவிடுங்கள்.

மணி பிளான்ட், அக்லோனிமா, டைபன்பேக்கியா இவற்றுக்கு இந்த வைத்தியம் பலிக்காது, அந்த வளர்படலமே கிடையாது. ஒடிந்த துண்டைக் கணுவுக்குக் கீழே வெட்டித் தண்ணீரில் போட்டால் வேர் விடும், தொட்டியில் நிற்கிற அடித்தண்டும் பக்கத்துளிர் விடும், ஒன்று இரண்டாகும், லாபம்தானே! டைபன்பேக்கியாவை வெட்டும்போது கையுறை வேண்டும். அதன் சாறு வாயில் பட்டால் நாக்கு வீங்கும், குழந்தைகள் இருக்கிற வீட்டில் கவனம்.

வெட்டுவாயில் மஞ்சள் தடவு, இலைக்குத் தேங்காய் எண்ணெய் போடு என்று எல்லாரும் சொல்கிறார்கள். மஞ்சள் போகட்டும், காயவிட்டாலே போதும். எண்ணெய் மட்டும் வேண்டாம். இலையின் சுவாசத் துளைகளை அடைக்கும், தூசியைப் பிடித்து வைக்கும். ஈரத்துணியால் துடைத்தாலே பளபளக்கும்.

அடிபடாமல் காப்பது பெரும்பாலும் இடம் மாற்றுகிற வேலைதான். காற்று வரும் மேற்குப் பக்கத்திலிருந்தும், ஆள் உரசிப் போகிற நடைபாதையிலிருந்தும் தொட்டியை நகர்த்துங்கள். உயரமான செடிக்கு மண்தொட்டி. முட்டுக்கம்பு கொடுத்தால் தளர்வாகக் கட்டுங்கள், ஏனென்றால் கொஞ்சம் அசைகிற தண்டுதான் தடிக்கும்.

புனலூர்ப் பக்கத்து நர்சரிகளிலிருந்து ரயிலில் செடி கொண்டு வருகிறவர்களுக்கு ஒன்று. இலைகளை மேல்நோக்கிச் சேர்த்துச் செய்தித்தாளில் சுருட்டி வாருங்கள். அங்கே நிழல்வலைக்குள் வளர்ந்ததை இங்கே வந்ததும் வெயிலில் வைத்தால் இலை வெளுத்துப் பொசுங்கும், அந்தத் திட்டும் மாறாது. ஒன்றிரண்டு வாரம் நிழலில் வைத்து மெல்ல வெளிச்சத்துக்குப் பழக்குங்கள்.

அப்புறம் பாம்புச்செடி. ஒடிந்த இலையைத் துண்டாக்கி, அடிப்பக்கம் கீழே இருக்கும்படி மணலில் நட்டால் முளைக்கும், தலைகீழாக நட்டால் முளைக்காது. மஞ்சள் கரை போட்ட ரகமென்றால் அப்படி வருகிற கன்று வெறும் பச்சையாகத்தான் இருக்கும். கரை வேண்டுமென்றால் தாய்ச்செடியைக் கிழங்கோடு பிரித்து வைக்க வேண்டும்.