எட்டுப் புள்ளிகள்: இலண்டனிலிருந்து ஒரு நாட்குறிப்பு

2025 மார்ச் 18, செவ்வாய்

வேலை மற்றும் ஓய்வூதியத் துறை அமைச்சர் லிஸ் கெண்டல் இன்று நாடாளுமன்றத்தில் முன்வைத்த அறிக்கையை மாலையில் முழுவதுமாக வாசித்தேன். 'பிப்' (Personal Independence Payment) என்று நாங்கள் எல்லோரும் சொல்லும், நோயாளிகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான அரசுக் கொடுப்பனவில், சமைத்தல், உண்ணுதல், கழுவுதல், உடுத்தல் முதலான பத்து அன்றாடச் செயல்களுக்குப் புள்ளி போட்டு, மொத்தம் 8 வந்தால் சாதாரண விகிதமும் 12 வந்தால் கூடிய விகிதமும் கொடுப்பது 2013இலிருந்து உள்ள முறை. 2026 நவம்பரிலிருந்து அந்த மொத்தம் போதாதாம். ஏதாவது ஒரு செயலிலாவது தனியாக 4 புள்ளி இருந்தாக வேண்டுமாம்.

அண்ணாவின் தீர்மானக் கடிதத்தை அலுமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். முடக்குவாதத்தால் கைவிரல்கள் மடங்கிப்போன அவருக்குச் சமையலுக்கு உபகரணம் வேண்டும் என்பதற்கு 2, கழிவறையில் உபகரணம் வேண்டும் என்பதற்கு 2, இடுப்புக்குக் கீழே கழுவிவிட ஆள் வேண்டும் என்பதற்கு 2, இடுப்புக்குக் கீழே உடுத்திவிட ஆள் வேண்டும் என்பதற்கு 2. சரியாக எட்டு, ஆனால் ஒரு நான்கும் இல்லை. தோளுக்கும் இடுப்புக்கும் இடையே கழுவ ஆள் வேண்டியவருக்கு 4 புள்ளி. இடுப்புக்குக் கீழே என்றால் 2. வளர்ந்த ஒரு மனிதன் எந்த உதவியைக் கேட்கக் கூசுவான் என்பதை இந்த அட்டவணையை எழுதியவர் ஒருமுறையாவது யோசித்திருப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இதே மார்ச் 18இல்தான், இதே கொடுப்பனவில் கைவைக்கக் கூடாது என்று சொல்லி, அப்போதைய அமைச்சர் இயன் டங்கன் ஸ்மித் பதவி விலகினார். அவர் கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர். இன்று அதில் கைவைப்பது தொழிற்கட்சி.

மார்ச் 26, புதன்

நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸின் வசந்தகால நிதியறிக்கையோடு அரசின் தாக்க மதிப்பீடும் வந்துவிட்டது. மாற்றங்கள் முழுவதும் நடைமுறைக்கு வரும்போது, 50,000 குழந்தைகள் உட்பட 2,50,000 பேர் கூடுதலாக வறுமைக்குள் விழுவார்கள் என்று அரசே எழுதியிருக்கிறது. இப்போது 'பிப்' பெறுபவர்களில் 3,70,000 பேர் அதை இழப்பார்கள். இனி விண்ணப்பிக்கப்போகிறவர்களில் 4,30,000 பேருக்கு அது கிடைக்காமலே போகும். ஒருவருக்குச் சராசரி இழப்பு ஆண்டுக்கு 4,500 பவுண்டு. இனி கிடைக்காமல் போகிறவர்களின் எண்ணிக்கை, இப்போது இழப்பவர்களின் எண்ணிக்கையைவிடப் பெரியது என்பதை இரவு படுக்கப்போகும்போதுதான் கவனித்தேன்.

ஏப்ரல் 12, சனி

அண்ணா தொலைபேசியில், "நான் வேலைக்குப் போறனான்தானே, எனக்கும் வெட்டுவினமோ?" என்று கேட்டார். அவர் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் அரைநாள் வேலை செய்கிறார். வேலை செய்வதற்கும் 'பிப்' பெறுவதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நோயினால் கூடுகிற செலவுக்காகவே அது கொடுக்கப்படுகிறது. ஆனால் தொலைக்காட்சி விவாதங்களில் எல்லாம் வேலைக்குப் போகாதவர்களுக்கான பணமாகவே அதைப் பேசுவதால், அதை வாங்குகிற அவருக்கே அந்தக் குழப்பம் வந்திருக்கிறது.

இந்த மாதத்துப் புதிய விகிதப்படி அவருக்கு வாரத்துக்கு 73.90 பவுண்டு. அவரை வாரத்தில் 35 மணி நேரத்துக்குமேல் பராமரிக்கும் அண்ணிக்கு வருகிற 83.30 பவுண்டும் இந்த 'பிப்'பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. ஒன்று போனால் மற்றதும் போகும். ஆண்டுக்கு 8,000 பவுண்டுக்கு மேல். மூட்டு வீங்கிய காலைகளில் அண்ணா வேலைக்குப் போகிற டாக்சிக் கூலியும், குளிரில் விரல்கள் இறுகிவிடாமலிருக்க வீட்டுக்கு வைக்கிற வெப்பமும் இந்தப் பணத்திலிருந்தே வருகின்றன. அதை எடுத்துவிட்டு அவரை வேலையில் இருத்தலாம் என்று நினைப்பவர்கள் அவர் வீட்டுக் காலை ஒன்றைப் பார்த்ததில்லை.

மே 24, சனி

ஒவ்வொரு நாளும் 1,000 பேருக்குப் புதிதாகப் 'பிப்' கிடைக்கிறது, அது ஆண்டுக்கொரு லெஸ்டர் நகரத்தைச் சேர்ப்பதற்குச் சமம் என்று அமைச்சர் சொல்கிறார். செலவு கூடுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. கோவிட்டுக்குப் பிறகு, மனநலக் காரணங்களைச் சொல்லி விண்ணப்பிக்கும் இளையவர்கள் பெருகியிருப்பதும் உண்மை. ஏன் இத்தனை பேர் நோயாளிகளானார்கள் என்று கேட்டு, மருத்துவமனைக் காத்திருப்புப் பட்டியலிலிருந்து அந்தக் கணக்கைத் தொடங்கியிருந்தால் நானும் உட்கார்ந்து கேட்டிருப்பேன். முதலில் சேமிக்க வேண்டிய தொகையாக ஏறக்குறைய 500 கோடி பவுண்டைக் குறித்துக்கொண்டு, பிறகு அதற்கேற்ற புள்ளியைத் தேடியதாகவே எனக்குத் தோன்றுகிறது.

சனிக்கிழமைகளில் படிவம் நிரப்பிக் கொடுக்கும் எங்கள் மண்டபத்துக்கு இன்று ஒரு பெண் வந்தாள். முப்பது வயதைத் தாண்டியவள், கடையொன்றில் காசாளர். இரண்டு கைகளும் விறைத்துப் போகின்றன. என்ன நோய் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. படிவம் வேண்டாம், விஷயத்தைத் தெரிந்துகொள்ளத்தான் வந்தேன் என்றாள். "அக்கா, நான் இன்னும் வேலை செய்வன்" என்று இரண்டு முறை சொன்னாள்.

ஜூன் 27, வெள்ளி

இந்த மாற்றங்களுக்கான மசோதாவைத் தடுக்கத் தங்கள் கட்சியின் மெக் ஹில்லியர் கொண்டுவந்த திருத்தத்தில் நூற்றிருபதுக்கும் மேற்பட்ட தொழிற்கட்சி உறுப்பினர்கள் கையெழுத்திட்ட பிறகு அரசு இறங்கி வந்துவிட்டது. இப்போது பெறுபவர்களுக்கு எதுவும் மாறாது. அண்ணி அழுதுகொண்டே தொலைபேசியில் பேசினார். எனக்கும் கை நடுங்கியது. மூன்று மாதமாக அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் பட்ட கடிதம் அது.

ஆனால் அந்த 4,30,000 பேர் அப்படியே இருக்கிறார்கள். தாங்கள் அந்தக் கணக்கில் இருப்பது அவர்களில் பெரும்பாலானோருக்கே தெரியாது. இன்று கட்டடத்தில் ஏணி பிடிப்பவர், பேருந்து ஓட்டுபவர், இன்னும் வலி தொடங்காத யாரோ ஒருவர். வரப்போகும் நோயை அறியாதவர் ஊர்வலத்துக்கு வரமாட்டார், தன் தொகுதி உறுப்பினருக்குக் கடிதம் எழுதமாட்டார். ஒரே புள்ளி எடுத்த இருவரில் முன்னால் நோயுற்றவருக்குப் பணம், பின்னால் நோயுற்றவருக்கு இல்லை என்பதை எந்த நியாயத்தில் வைத்துப் பார்ப்பது?

ஜூலை 1, செவ்வாய், இரவு

விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே அமைச்சர் ஸ்டீபன் டிம்ஸ் எழுந்து, 'பிப்' தொடர்பான பிரிவு முழுவதையும் மசோதாவிலிருந்து நீக்குவதாகவும், தன் தலைமையில் நடக்கும் மீளாய்வு முடிந்த பிறகே அதைப் பற்றி முடிவெடுப்பதாகவும் அறிவித்தார். நாலு புள்ளி விதி இப்போதைக்கு இல்லை. மசோதா இரண்டாம் வாசிப்பில் 260க்கு எதிராக 335 வாக்குகளில் நிறைவேறியது. எதிர்த்தவர்களில் 49 பேர் தொழிற்கட்சியினர். அண்ணா தூங்கிவிட்டார் என்று அண்ணி சொன்னார். எழுப்ப வேண்டாம் என்றேன்.

ஜூலை 12, சனி

புதனன்று மூன்றாம் வாசிப்பும் முடிந்தது, 336க்கு 242. செய்தித்தாள்கள் அரசின் தோல்வியைப் பற்றியே எழுதுகின்றன. மசோதாவில் மிஞ்சியதைப் பற்றிப் பேச்சு குறைவு. நோயினால் வேலை செய்ய முடியாதவருக்கு, குறைந்த வருமானமுள்ளவர்களுக்கான அரசு உதவியான யுனிவர்சல் கிரெடிட்டோடு சேர்த்துக் கொடுக்கும் தொகை, அடுத்த ஏப்ரல் முதல் புதிதாக வருபவர்களுக்கு வாரம் ஏறக்குறைய 50 பவுண்டு. முன்பு அது 97. மரணத் தறுவாயில் இருப்பவர்களுக்கும், வாழ்நாள் முழுவதும் மாறாத கடும் நோயுள்ளவர்களுக்கும் விலக்கு உண்டு. ஏற்கெனவே பெறுகிறவர்களுக்குக் குறைப்பு இல்லை. முன்னால் நோயுற்றவரையும் பின்னால் நோயுற்றவரையும் பிரிப்பதாக ஜூன் 27இல் நான் எழுதிவைத்த கோடு, சட்டத்தில் இப்படி வேறோர் இடத்தில் விழுந்திருக்கிறது.

அந்தப் பெண் இன்று மீண்டும் வந்தாள். கடையில் காசு எண்ணும்போது நாணயங்கள் விழுகின்றன என்றாள். நரம்பு மருத்துவரைப் பார்க்க அக்டோபரில் நாள் கொடுத்திருக்கிறார்கள். அவளுக்குச் சட்டத்தை விளக்கினேன்: இப்போதே வேலையை விட்டு, ஜி.பி.யிடம் (குடும்ப மருத்துவரிடம்) சான்று வாங்கி, மதிப்பீட்டுக்குப் போய்த் தகுதி பெற்றுவிட்டால் பழைய தொகை. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த கோடைவரை வேலை செய்துவிட்டு, அதன் பிறகு முடியாமல் வந்தால் ஏறக்குறையப் பாதி. வேலைக்கு ஆட்களை அனுப்புவதற்காகக் கொண்டுவந்த சட்டம் என்று அரசு சொல்லும் சட்டத்தை, வேலையை விட மனமில்லாத ஒருத்திக்கு நான் இப்படித்தான் விளக்க வேண்டியிருந்தது.

அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "நீங்கள் என்ன செய்வீங்கள் அக்கா?" என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஜி.பி.யிடம் திங்கட்கிழமை காலையில் பேசுமாறு சொல்லி, அவளுக்காக ஒரு படிவத்தை எடுத்துப் பெயரை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.