வீட்டில் தெரிந்த படம் வெளியில் தெரியவில்லை

நேற்று ராத்திரி இரண்டு மணி நேரம் போனது வெறும் மூன்று எழுத்தால். அத்தையின் கோலங்களுக்காகச் சின்னதாக ஒரு வலைப்பக்கம் செய்தேன். என் லேப்டாப்பில் எல்லாப் படமும் ஜோராகத் தெரிந்தது. சர்வரில் ஏற்றியதும் பாதிப் படங்களைக் காணோம்.

காரணம் கேமரா. அது கோப்புப் பெயரின் கடைசியில் ஜேபிஜி என்பதை ஆங்கிலப் பெரிய எழுத்தில் (JPG) வைத்திருக்கிறது. நான் பக்கத்தில் அடித்தது சின்ன எழுத்து (jpg). விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று. லினக்ஸ் சர்வருக்கு இரண்டும் வேறு வேறு ஆள், 404, அதாவது 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று கையை விரித்துவிடும். எல்லாப் பெயரையும் சின்ன எழுத்துக்கு மாற்றினேன். இரண்டு படம் அப்போதும் முரண்டு பிடித்தது. பார்த்தால் அவற்றின் முகவரி 'சி டிரைவ்' என்று தொடங்குகிறது! என் வீட்டு சி டிரைவை ஊரார் எப்படித் திறப்பார்கள்?

தமிழ் எழுத்து கொக்கி கொக்கியாக வந்தது தனிக் கூத்து. பக்கத்தின் நிரலில் மேலே உள்ள ஹெட் பகுதியின் தொடக்கத்திலேயே, எழுத்துகளைக் குறிக்கும் முறை யூடிஎஃப்-8 என்று அறிவித்து, கோப்பையும் அதிலேயே சேமித்ததும் சரியாகிவிட்டது.

திருத்திய பிறகும் பழைய பக்கமே வந்தால் சர்வரைத் திட்டாதீர்கள், பிரவுசர் தன்னிடம் சேமித்த பழைய நகலைக் காட்டலாம்; கன்ட்ரோலோடு எஃப்5 அழுத்திப் பாருங்கள். நான் திட்டிவிட்டேன்.

அத்தை பார்த்துவிட்டுச் சொன்னது: "அந்த மார்கழிக் கோலத்துல ஒரு புள்ளி தப்புடா, எடுத்துடு."