ஆர்மர்ல கேப் விழுதா? புட்டி டப்பாவை கொஞ்சம் தள்ளி வைங்க

காஸ்பிளேக்கு, அதாவது சினிமா கேரக்டர் மாதிரி வேஷம் போட, பிளாஸ்டிக் ஆர்மர் (கவசம்) கிட் வாங்கி ஒட்ட ஆரம்பிச்சவங்க முக்காவாசி பேர் கேக்குறது ஒண்ணுதான், ரெண்டு பாதியும் சேர மாட்டேங்குது, நடுவுல விரல் நுழையுற அளவு கேப், என்ன புட்டி போட்டு அடைக்கலாம்னு. அடைக்கிறது அப்புறம், அந்த கேப் எங்கிருந்து வருதுன்னு மொதல்ல பாக்கணும்.

மூணு விதமா வரும். உங்க கையோ தொடையோ கிட்டை விட பெருசா இருக்கலாம். ஓரத்தை வெட்டினது கோணலா இருந்து ஒரு முனை மட்டும் இடிச்சுக்கிட்டு மறு முனை திறந்து நிக்கலாம். இல்லன்னா பீஸே முறுக்கிக்கிட்டு வந்திருக்கலாம், வேக்யூம் ஃபார்மிங்ல ஷீட்டை சூடு பண்ணி அச்சு மேல உறிஞ்சி எடுக்குறாங்க, ஆறும்போது லேசா திரும்பிடும். மூணுக்கும் வைத்தியம் வேற வேற, புட்டி மூணுக்குமே மொதல் மருந்து கிடையாது. ஏன்னா ஆர்மர் போட்டுட்டு நடந்தா பிளாஸ்டிக் வளையும், புட்டி வளையாது, மயிரிழையா விரிசல் விட்டு பெயின்ட்டோட உரிஞ்சு வரும்.

அதனால பசை தொடுறதுக்கு முன்னாடி மாஸ்கிங் டேப் போட்டு ஒட்டி, உள்ள போடுற கறுப்பு சூட்டையும் போட்டுக்கிட்டு மாட்டிப் பாருங்க. வெறும் உடம்புல அளவு எடுத்தா சூட், பேடிங் எல்லாம் சேர்ந்ததும் டைட் ஆயிடும். மாட்டிக்கிட்டு உக்காருங்க, குனிங்க, படி ஏறிப் பாருங்க. தொடை, முழங்கால் கீழ் பீஸுக்கெல்லாம் முன் பக்க ஜாயின்ட்டை மொதல்ல நேரா முடிச்சுட்டு, அளவு கூட்டுறது குறைக்கிறது எல்லாத்தையும் பின் பக்கம் தள்ளிடுங்க. முன்னாடி இருந்து பாக்குறவனுக்கு அது தெரியவே தெரியாது.

கேப் சின்னதா இருந்தா ஜாயின்ட் மேல ஒட்டுற கவர் பட்டையே அதை மூடிடும். ஸ்டார் வார்ஸ் படத்துல வர்ற வெள்ளை ட்ரூப்பர் டைப் ஆர்மர்ல கைக்கு 15 மி.மீ., காலுக்கு முன்னாடி 20, பின்னாடி 25 மி.மீ.னு பட்டை வெட்டுறது பலரோட வழக்கம். விளிம்பு ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டணும்னு கூட இல்ல, உள்பக்கம் ஒரு பட்டை, வெளிய ஒரு பட்டை, நடுவுல 2, 3 மி.மீ. வெறுமையா இருந்தாலும் கெட்டியா நிக்கும்.

அதுக்கு மேல போனா துண்டு வெச்சுத்தான் ஆகணும், அதுக்கு ஷிம்னு பேரு. கிட்டுல வெட்டித் தள்ளுன ஓரத்தை தூக்கிப் போடாதீங்க, அதே பிளாஸ்டிக், அதே நிறம், அதே தடிமன், வேற எங்க தேடுனாலும் கிடைக்காது. கேப் அளவுக்கு துண்டு வெட்டி, உள்பக்கம் அகலமா ஒரு பட்டையை முட்டு கொடுத்து ஒட்டிட்டு, கோடு தெரியுற இடத்துக்கு ஏபிஎஸ் பேஸ்ட் (ஏபிஎஸ்ங்கிறது இந்த கிட்டோட பிளாஸ்டிக்தான்). துணுக்குகளை பொடிசா நறுக்கி கண்ணாடி பாட்டில்ல போட்டு அசிட்டோன் ஊத்தி ராத்திரி மூடி வெச்சா காலைல தேன் பதத்துக்கு கரைஞ்சிருக்கும். ஒரேடியா அப்பாதீங்க, காயும்போது சுருங்கி பள்ளம் விழும், அசிட்டோன் அதிகமானா மெல்லிசான இடத்தை தின்னு நெளிச்சும் விட்டுடும். மெல்லிசா ஒரு கோட், நல்லா காய விட்டு இன்னொண்ணு. அப்புறம் 220, 400, 600 நம்பர் உப்புத்தாள், கடைசில தண்ணி விட்டு தேச்சு பாலிஷ். ஜன்னல் திறந்திருக்கணும், பக்கத்துல நெருப்பு ஆகவே ஆகாது.

முறுக்குன பீஸுக்கு வெந்நீர். ஏபிஎஸ் இளகுறது கிட்டத்தட்ட 105 டிகிரில, கொதிக்கிற தண்ணி 100 தான், அதனால மொத்தமா உருகிடாம வளைஞ்சு மட்டும் கொடுக்கும். க்ளவுஸ் போட்டுக்கிட்டு, வேணும்ங்கிற அளவை விட ஒரு சுத்து அதிகமாவே வளைச்சுப் பிடிங்க, அப்படியே பச்சைத் தண்ணில முக்குங்க, கொஞ்சம் திரும்பி வந்து சரியா நிக்கும். சூடான காத்து அடிக்கிற ஹீட் கன்னை நான் இதுக்கு எடுக்கவே மாட்டேன், மூலைல ஷீட் இழுபட்டு மெலிஞ்சிருக்கும், கண்ணு மூடித் திறக்குறதுக்குள்ள அமுங்கிடும்.

வளைக்க சோம்பல்பட்டு கிளாம்ப் போட்டு இறுக்கி ஒட்டுனா, கிளாம்ப்பை எடுத்த அன்னைக்கு நல்லாத்தான் இருக்கும், வெயில்ல கார்ல ஒரு நாள் கிடந்தா வாயைப் பிளந்துடும். ஒட்டும்போது விரலால பிடிச்சாலே சேர்ந்து நிக்கணும், அதான் கணக்கு. பசைல இ6000 மாதிரி ரப்பர் டைப்தான் என் ஓட்டு, முழுசா பிடிக்க 24ல இருந்து 72 மணி நேரம் ஆகும், ஆனா வளைஞ்சு கொடுக்கும், தப்பாப் போனா பொறுமையா பிரிச்சும் எடுக்கலாம். சூப்பர் க்ளூ டக்குனு பிடிக்கும், டக்குனு விட்டும் போயிடும்.

நெஞ்சுக்கும் முதுகுக்கும் நடுவுல விலாப் பக்கம் தெரியுற கேப் பாதி நேரம் பிளாஸ்டிக்கோட குத்தமே இல்ல, ஸ்ட்ராப் லூசா இருக்கும். தோள் எலாஸ்டிக்கை ஏத்தி இறக்கிப் பாருங்க, அப்பவும் மூடலன்னா பின் தகட்டுல ஷிம் வைங்க, வயித்துத் தகட்டைத் தொடாதீங்க. பீஸ் பெருசா இருந்து சுத்துதுன்னா வெட்டவே வேண்டாம், உள்ள ஃபோம் ஒட்டுனா முடிஞ்சுது.

முன்கை பீஸை மட்டும் கச்சிதமா இருக்கட்டும்னு மணிக்கட்டுல ரொம்ப இறுக்கிடாதீங்க. டேப்லயே ஒட்டி வெச்சு, க்ளவுஸ் போட்ட கை முழுசா அந்த ஓட்டை வழியா போகுதான்னு பாத்துட்டு அப்புறம் பசையைத் திறங்க.