மூன்று ராஜ்யம், ஒரே பெஞ்சு

ஜூன் 17, செவ்வாய்
பள்ளிக்கூட மலருக்குப் பழைய கதை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். ஆந்திர எல்லையிலிருக்கும் நகரிப் பக்கத்துத் தமிழன், தெலுங்கும் படிப்பேன் என்பதால் என் தலையில் விழுந்தது. "ரண்டி சார்" என்று கூட்டிப்போன அட்டெண்டர், பீரோவைத் திறந்ததும் தமிழுக்கு மாறினார்: "கரப்பான் இருக்கும், பார்த்து எடுங்க."

ஜூன் 18
1951 அட்மிஷன் ரெஜிஸ்டர். தொட்டால் அட்டை விரலில் பொடியாக ஒட்டுகிறது. பாதிப் பையன்களுக்குப் பிறந்த நாள் ஜூலை 1! வீட்டில் யாருக்குத் தேதி தெரியும்? வாத்தியார் போட்டதுதான். அப்பாவுக்கும் அதே தேதி. தாய்மொழி தமிழ். தகப்பனார் தொழில் நெசவு.

ஜூன் 20
கணக்குப் போட்டுப் பார்த்தேன். சித்தூர் ஜில்லாவே 1911-ல் வட ஆர்க்காட்டையும் கடப்பையையும் கொஞ்சம் கொஞ்சம் வெட்டி ஒட்டியதுதான். அந்த ஜில்லா போர்டு நடத்திய ஹைஸ்கூலில் அப்பா 1951 ஜூனில் ஃபர்ஸ்ட் ஃபாரம், அதாவது ஆறாம் வகுப்பு, சேர்ந்தார். அப்போது மதராஸ் ராஜ்யம். 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர ராஜ்யம் பிறந்தபோது தேர்டு ஃபாரம். 1956 நவம்பர் 1-ல் ஆந்திரப் பிரதேசம். அப்பா சிக்ஸ்த் ஃபாரம். மனுஷன் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை, ராஜ்யம்தான் மூன்று வந்துபோனது.

1959 பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பிறகு போர்டு போய் ஜில்லா பரிஷத் வந்தது. கிழவர்கள் வாயில் இன்னும் 'போர்டு ஸ்கூல்'தான்.

ஜூன் 23
1960 ரெஜிஸ்டரில் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். அந்த ஏப்ரல் 1-ல்தான் திருத்தணியும் பள்ளிப்பட்டும் மதராஸோடு சேர்ந்தன. எல்லைக்குப் போராடிய ம.பொ.சி., எல்லையைப் பிரித்துச் சொன்ன படாஸ்கர் என்று மேடையில் பேசுவதெல்லாம் இங்கே ரெஜிஸ்டரின் ஒரே பத்தியில் அடங்கிவிட்டது. பள்ளிப்பட்டுப் பக்கத்துப் பையன்கள் வரிசையாக டி.சி. வாங்கியிருக்கிறார்கள். காரணம்: 'குடும்பம் இடம் மாறியது'. எந்தக் குடும்பம் மாறியது? அடுப்புக்கூட அதே மூலையில்தானே இருந்திருக்கும். குமாஸ்தாவைக் குறை சொல்ல முடியாது. எல்லை மாறியது என்று எழுத ஃபாரத்தில் இடமில்லை.

ஜூன் 25
அப்பாவுக்குப் பக்கத்தைப் போனில் பெரிதாக்கிக் காட்டினேன். மூன்று ராஜ்யக் கணக்கை ஆசையாகச் சொன்னேன். காதில் வாங்கவே இல்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரு கட்டத்திலேயே விரலை வைத்திருந்தார்.

"நெசவுன்னா போட்டிருக்கான்? சொந்தத் தறி ஏதுடா நமக்கு? உங்க தாத்தா அடுத்தவன் தறியில கூலிக்கு நெஞ்சாரு. மலர்ல 'கூலி நெசவு'ன்னே போடு."